வெள்ளிக்கிழமை மொட்டை

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பியோங்தேக்கில் உள்ள அமெரிக்கப் படைமுகாமின் கொதிகலன் அறையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கும் தொக்மானுக்கு, ஏப்ரல் முதல் சம்பளமில்லாத விடுப்பு. காவலுக்கு நிற்கும் படையின் செலவில் எந்த நாடு எவ்வளவு ஏற்பது என்று அமெரிக்க, கொரிய அரசாங்கங்கள் இரண்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவாகும்வரை முகாமின் கொரிய ஊழியர்களில் பாதிப் பேர் வீட்டில் இருக்க வேண்டும்.

அன்று மாலை தொக்மான் மனைவியின் முடிதிருத்தும் கடைக்கு வந்து, காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பொங்சுன் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை முகாம் வாசல்ல சங்கத்துக்காரங்க பத்துப் பேர் எதிர்ப்பு காட்டி மொட்டை அடிச்சுக்கிறாங்க."

"யாரெல்லாம்?"

"ஒன்பது பேர் உனக்குத் தெரியாதவங்க."

பொங்சுன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "சனிக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரங்கள முதல்தடவையா பாக்கப் போறோம், யுரிம் அப்பா."

"தொப்பி போட்டுக்கிறேன்."

"சாப்பிடுற இடத்துலயா?"

தொக்மான் தலையைத் தடவிக்கொண்டார். மாப்பிள்ளையின் அப்பா பியோன், ராணுவத்தில் முப்பது வருடம் இருந்தவர். முகாம் வாசலில் கோஷம் போடும் கூட்டம் டிவியில் வந்தால் எழுந்துபோய் அணைத்துவிடுவாராம். மகள் யுரிம்தான் சொல்லியிருந்தாள். பொங்சுன் அதை இப்போது இரண்டு தடவை சொன்னாள்.

"நாங்க முகாமே வேணாம்னு கோஷம் போடல. உள்ள விடுங்க, சம்பளம் தராட்டியும் வேலை செய்றோம்னு சொல்றோம்."

"சம்பளம் வேணாம்னு போராடுற சங்கம் உலகத்துலயே உங்களோடதுதான். அதுக்கும் சட்டம் ஒத்துக்காதாமே."

"ஒத்துக்காதுதான். அதான் மொட்டை."

பொங்சுனின் கோபம் சமையலில் தெரியும். அடுத்த இரண்டு நாளும் வீட்டில் வெறும் முளைப்பயறு சூப்தான். தொக்மான் இரண்டு கிண்ணம் குடித்தார்.

வெள்ளிக்கிழமை அவள் போவதாக இல்லை. பதினோரு மணிக்கு ஒலிபெருக்கிச் சத்தம் கடைவரை கேட்டது. ஒரு வாடிக்கையாளரின் தலையைப் பாதியில் உலர்த்தும் இயந்திரத்துக்கடியில் விட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பத்து நாற்காலிகள், பத்து வெள்ளைத் துணிகள். சங்கச் செயலாளரே முடிவெட்டும் இயந்திரத்தைப் பிடித்திருந்தார். பிடித்த விதமே தவறு. முதல் ஆளின் காதோரம் ரத்தம். தொக்மான் ஏழாவதாக, தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பின்மண்டையில் பழைய நீராவித் தழும்பு ஒன்று உண்டு. தோல் காகிதம் போல இருக்கும். செயலாளருக்கு அது தெரியாது.

அவர் ஆறாவது தலையை முடித்து நகர்ந்தபோது பொங்சுன் குறுக்கே போய் நின்றாள்.

"இந்தத் தலைய விடுங்க. முப்பது வருஷமா என் தலை இது."

பையிலிருந்து தன் இயந்திரத்தை எடுத்தாள். தொக்மான் திரும்பிப் பார்க்கப் போனார்.

"ஆடாதீங்க."

"நீ வரமாட்டேன்னு நெனச்சேன்."

"வரலதான். குனிங்க."

நரைத்த முடி வெள்ளைத் துணியில் விழுந்தது. தழும்பைச் சுற்றி வந்தபோது ஊதிவிட்டுக்கொண்டே எடுத்தாள். அவர் தோள் குலுங்கியது.

"அழாதீங்க. கேமரா நிக்குது."

"முடி கண்ணுல விழுந்துடுச்சு."

"விழும் விழும்."

அன்றைய செய்தியில் இருவரும் வந்தார்கள். யுரிம் போன் செய்து, "மாமனார் பாத்துட்டாராம்மா" என்றாள். "என்ன சொன்னாராம்?" "ஒண்ணும் சொல்லலையாம்." பொங்சுனுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை உணவகத்தில் தொக்மான் தொப்பியோடு நுழைந்தார், வணங்குவதற்காகக் கழற்றினார். பியோன் அந்தத் தலையை வெகுநேரம் பார்த்தார்.

"சம்பளம் இல்லாட்டியும் வேலை செய்றோம்னு பலகையில எழுதியிருந்துச்சே. நெசந்தானா?"

"கொதிகலனை யாராவது பாத்துக்கணும்ல, சம்பந்தி. வெந்நீர் இல்லாட்டி முகாம்ல இருக்குற சிப்பாய்ப் பசங்க என்ன பண்ணுவாங்க? இன்னும் விடியக்காலைல குளிருதே."

பியோன் தலையசைத்தார். "நான் எல்லையில நின்ன மூணு குளிர்காலமும் எங்க கொதிகலன் ஓடவே இல்ல."

பிறகு வயதில் மூத்த அவர், பெரியவர்களுக்கு இளையவர்கள் ஊற்றுவதுபோல இரண்டு கைகளாலும் மதுக்குப்பியைப் பிடித்து, தொக்மானின் கிண்ணத்தில் ஊற்றினார். பொங்சுன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணத்த அக்டோபர்ல வச்சுக்கலாமே" என்றாள் பியோனின் மனைவி. "போட்டோ எடுக்குறதுக்குள்ள முடி வளந்துடும்."

"அதுக்குள்ள ரெண்டு சர்க்காரும் கையெழுத்துப் போடணுமே" என்றார் தொக்மான்.

"அவங்களுக்கு நாம எதுக்குக் காத்திருக்கணும்?" என்றார் பியோன்.

பொங்சுன் அப்போதுதான் சாப்பிடத் தொடங்கினாள்.