கறுப்பு மையில் இருபது சொற்கள்

கலர் மை தீர்ந்துபோனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். தீராமல் இருந்திருந்தால் முதல் வகுப்பு டீச்சர் இன்னும் நூறு அட்டை செய்திருப்பாள், இன்னும் பத்துப் பேரிடம் சபாஷ் வாங்கியிருப்பாள், விஷயம் கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்.

அவளுடைய வகுப்பறைச் சுவர் முழுக்க அட்டை வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சொற்குடும்பம். சிவப்பு வீட்டில் அடி, கடி, தடி, படி, மடி. பச்சை வீட்டில் கட்டு, தட்டு, பட்டு, மட்டு. நெடில் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் குறில். முதல் எழுத்து மட்டும் மாறும், மீதி அப்படியே நிற்கும். ஒரு சொல்லைப் பிடித்த பிள்ளை அந்த வீட்டு ஆட்களை எல்லாம் பிடித்துவிடும் என்பது கணக்கு. சிவப்பு வீட்டுச் சொற்களுக்குச் சிவப்பு அட்டை, பச்சை வீட்டுக்குப் பச்சை. வெறும் எழுத்தாக இருந்தால் மொட்டையாகத் தெரிகிறதே என்று ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் ஒரு குட்டிப் படம். ஒன்றில் மீன், ஒன்றில் இலை, ஒன்றில் நட்சத்திரம். அழகுக்குத்தான். அவள் வரைந்தாள், புருஷன் கத்தரித்தான். "டீச்சரம்மா, உன் பிள்ளைங்க படிக்கறதுக்குள்ள எனக்கு விரல் போயிடும்" என்று அலுத்துக்கொண்டே நானூறு அட்டை வெட்டிக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் வருகிறார்கள். அவர்கள் முன்னால் பிள்ளைகள் இருபது சொல் வாசிக்க வேண்டும். ஒத்திகைக்காகத் தாள் அச்சடிக்கச் சொல்லியிருந்தாள். ஆபீஸ்காரர் கட்டாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"கலர் மை காலி டீச்சர். மூலைப் படமெல்லாம் கறுப்பா திட்டுத் திட்டா வந்துச்சு. எடுத்துட்டேன். எழுத்து மட்டும் சுத்தமா இருக்கு, பாருங்க."

வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து. இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் கொடுத்தாள். "ம், முதல் சொல்."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூச்சுவிடாமல் இருபது சொல்லையும் ஒப்பிக்கும் பையன் ஒருவன் இருந்தான். குரலுக்காக எல்லோரும் அவனை மைக் என்பார்கள். அவன்கூடத் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான்.

"விளையாடறீங்களா?" அவள் குரல் உயர்ந்தது. "நேத்து கடகடன்னு சொன்னீங்க. இன்னைக்கு என்ன, வாயில பசையா?"

"டீச்சர், இது எந்த வீடுன்னே தெரியலையே" என்றான் மைக்.

"எழுத்தைப் பாருடா."

"எழுத்து எதுக்கு டீச்சர்? கலர் எங்க? மீன் எங்க?"

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர்களும் ஒளிக்காமல் சொன்னார்கள். சிவப்பில் மீன் இருந்தால் தடி. சிவப்பில் இலை என்றால் மடி. பச்சையில் நட்சத்திரம் பட்டு. இதில் மறைக்க என்ன இருக்கிறது, டீச்சரே அதற்காகத்தானே படம் போட்டிருக்கிறார் என்பது போல முகங்கள். யாராவது ஒரு நாள் வராமல் போனால் மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் சொல்லிக் கொடுத்துவிடுவார்களாம்.

"எல்லாருக்கும் சொல்லுவோம் டீச்சர். எறும்புக்கு மட்டும் சொல்லல."

"ஏன்?"

"அவ நடுவுல வந்து சேர்ந்தா. எங்ககிட்ட கேக்கவும் இல்ல. ஒவ்வொரு எழுத்தா விரலை வெச்சு ஊர்ந்துக்கிட்டே இருப்பா."

மைக் தன் விரலை மேசைமேல் நகர்த்திக் காட்டினான். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அந்த விரல் ஊர்வதால்தான் அந்தப் பெண்ணுக்கு எறும்பு என்று பெயர் வந்தது. டீச்சரும் அதைச் செல்லப் பெயர் என்றுதான் நினைத்து, தானும் இரண்டொரு முறை கூப்பிட்டிருக்கிறாள்.

மூன்று வாரத்துக்கு முன் நடந்த சோதனை அப்போது நினைவுக்கு வந்தது. சொல்லுக்கு மூன்று நொடி, தலைமை ஆசிரியையான பெரிய டீச்சர் வைத்த கணக்கு. மற்றவர்கள் அட்டையைத் தூக்குவதற்குள் சொல்லிவிட்டார்கள். எறும்பு மட்டும் விரலை வைத்து, உதட்டுக்குள் என்னவோ உருட்டினாள். இவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஆனதும் அட்டையைக் கவிழ்த்தாள். அடுத்தது. மறுபடியும் விரல், மறுபடியும் உதடு, மறுபடியும் கவிழ்த்தல். இருபதுக்கு இரண்டு. அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மறுநாளே அந்தப் பெண்ணை மாடிப்படிக்குக் கீழே இருந்த தனி வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள்.

இருபத்து மூன்று பிள்ளைகளில் அவள் சொல்லிக் கொடுத்தபடி வாசித்தது ஒன்றே ஒன்று. அதைத்தான் பொறுக்கி எடுத்து வெளியே தள்ளியிருக்கிறாள்.

முதலில் கோபம் ஆபீஸ்காரர்மேல் போயிற்று. அந்த மனுஷன் மை வாங்கி வைத்திருந்தால் இந்த அவமானம் வந்திருக்காது. அப்புறம் புருஷன்மேல். அத்தனை அட்டையைக் கையில் பிடித்து வெட்டினாரே, ஒரு நாளாவது இதென்ன பொம்மைக் கண்காட்சியா என்று கேட்டாரா? பிறகு மைக்மேல். அந்த ஆறு வயசுப் பிள்ளையை ஓர் அறை விடலாமா என்றுகூட ஒரு கணம் கை துறுதுறுத்தது. அந்தக் கையைப் பார்த்துத்தான் அவளுக்கே பயம் வந்தது. கோபத்துக்குப் போக்கிடம் தேடித் தேடி ஒவ்வொரு வாசலாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள், தன் வாசலை மட்டும் விட்டுவிட்டு.

ஒரு தாளை எடுத்துக்கொண்டு கீழே போனாள். படிக்குக் கீழே கூரை சரிந்த அறை, ஒரே ஜன்னல், ஐந்து பிள்ளைகள். பார்த்துக்கொள்ளும் ஆயா கண்ணயர்ந்திருந்தாள். பிள்ளைகள் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து மாலைவரை அதுதான் அங்கே பாடம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினாள்.

எறும்பு ஒரு யானைக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தாள். தாளை அவள் முன்னால் வைத்ததும் பார்த்தாள், உடனே கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு படி கண்ணு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோ."

"இது மேல் ரூம் பேப்பர்" என்றாள் எறும்பு. "நான் கீழ் ரூம்."

யானையின் காது நீலமாகிக்கொண்டே வந்தது.

பெரிய டீச்சர் அறையில் எப்போதும் போலக் காற்றாடி முழு வேகத்தில் ஓடியது. தாள்கள் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு பரிசுக் கோப்பை. பெரிய டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கோப்பைகளில் ஒன்றை நகர்த்தி வைத்தார்.

"இப்ப நீங்க போய்க் கேட்டீங்களே, படிச்சாளா?"

"படிக்கல. ஆனா அவளால முடியும்."

"படிக்கலங்கறதுக்கு உங்க கையெழுத்து எங்கிட்ட இருக்கு. முடியும்ங்கறதுக்கு என்ன இருக்கு?"

"மேடம், மத்த இருபத்திரண்டு பேருக்கும் ஒரு எழுத்துகூடத் தெரியாது. கலரைப் பார்த்துச் சொல்றாங்க."

"மெதுவாப் பேசுங்க." பெரிய டீச்சர் கதவைப் பார்த்தார். "தனி வகுப்புப் பட்டியல் மேலிடத்துக்குப் போயாச்சு. உங்க அட்டையை வேற மூணு பள்ளிக்கூடத்துல கேட்டிருக்காங்க. கலர் மைக்கு ஆள் அனுப்பியிருக்கேன், சாயங்காலம் வந்துடும். வெள்ளிக்கிழமை முடியட்டும், அப்புறம் பொறுமையா எழுத்துச் சொல்லிக் குடுங்க. யார் வேண்டாம்னா?"

"அந்தப் பொண்ணு?"

"அடுத்த வருஷம் மறுபடி சோதிக்கலாமே."

அடுத்த வருஷம். இரண்டே வார்த்தையில் ஒரு குழந்தையின் ஒரு வருஷத்தைக் கோப்பைக்குக் கீழே வைத்து அமுக்கிவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். தன் அறிக்கையின் நகலை மட்டும் ஆபீஸில் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

எறும்பின் அம்மா இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் கடையில் வேலை செய்தாள். சாயங்காலம் அங்கே போகும்போது டீச்சருக்குள் ஒருவித வேகம் இருந்தது. அநியாயத்தைச் சொல்லப் போகிறோம், அந்தத் தாய் நம் கையைப் பிடித்துக்கொள்வாள், இரண்டு பேருமாகப் போய்ப் பெரிய டீச்சரை உண்டு இல்லை என்று பண்ணலாம். நடக்க நடக்க அது ஏறக்குறைய சந்தோஷமாகவே ஆகிவிட்டிருந்தது.

தையல்காரி மிஷினை நிறுத்தவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. எறும்பு கீழே உட்கார்ந்து துண்டுத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் நின்றபடியே சொல்லி முடித்தாள். அட்டை, மை, பெரிய டீச்சர் சொன்னது, எல்லாம்.

மிஷின் நின்றது.

"அந்தக் காகிதத்துல கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதான். ஆனா அந்த மூணு நொடிக் கணக்கு பெரிய டீச்சரோட..."

"அவங்களை விடுங்க. அவங்க என் பிள்ளையைப் பார்த்ததே இல்ல. நீங்க தினம் பார்த்தீங்க." தையல்காரியின் குரல் உயரவே இல்லை. "இவ முன்னாடி தெருவுல ஒரு போர்டு விடமாட்டா டீச்சர். நின்னு நின்னு கூட்டிப் படிப்பா. வீடு போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். எனக்கு எரிச்சலா வரும், வாடி வாடின்னு இழுத்துட்டுப் போவேன். இப்ப மூணு வாரமா தலையே தூக்கறதில்ல. நேரா நடக்கறா. சீக்கிரமா வீட்டுக்கு வந்துடுறோம்."

டீச்சருக்கு முகம் எரிந்தது. வரும் வழியெல்லாம் சேர்த்துவைத்த கோபம் முன்னால் போய் நிற்க இடமில்லாமல் திரும்பி அவள்மேலேயே சாய்ந்தது. அது பெரிய டீச்சர்மேல் இருந்த கோபத்தைவிடக் கனமாக இருந்தது.

"தப்பு என்னோடதுதான்மா. மன்னிச்சுக்குங்க."

"என்கிட்ட எதுக்கு? அவகிட்ட சொல்லுங்க."

டீச்சர் துணிக் குவியலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "உன்னைப் பத்தி நான் தப்பா எழுதிட்டேன்" என்றாள்.

எறும்பு நிமிர்ந்தாள். "எங்க எழுதினீங்க?"

"ஒரு பேப்பர்ல."

"காட்டுங்க."

பையிலிருந்து எடுத்தாள். எடுக்கும்போதே கொடுக்கலாமா என்று கை தயங்கியது. அவசரத்தில் ஒரே வரியாகக் கிறுக்கியிருந்தாள். எறும்பு தாளைத் தரையில் விரித்தாள். விரல் முதல் எழுத்தின் கீழே போய் நின்றது.

"மி... க... வு... ம். மிகவும்." விரல் ஊர்ந்தது. "மெ... து. மெது."

தையல்காரி மிஷினிலிருந்து காலை எடுத்தாள்.

"க... வ... ன... ம். கவனம். இ... ல்..." விரல் நின்றது. "இது நீங்க சொல்லித் தரல."

"லை" என்றாள் டீச்சர்.

"இல்லை. கவனம் இல்லை. த... னி. தனி. வ... கு... ப்... பு." எறும்பு முழு வரியையும் மறுபடி ஆரம்பத்திலிருந்து, இந்தத் தடவை கூட்டாமல் படித்தாள். மிகவும் மெது. கவனம் இல்லை. தனி வகுப்பு. படித்துவிட்டு டீச்சரைப் பார்த்தாள். அழவில்லை. புருவம் இரண்டும் சேர்ந்து, அம்மாவின் கோபம் அச்சு அசலாக அந்தச் சின்ன முகத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

"நான் கவனமாத்தானே இருந்தேன்?"

"ஆமா."

"அப்புறம் ஏன் இப்படி எழுதினீங்க? அடிங்க இதை."

டீச்சர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். இரண்டு கோடு போட்டாள். எறும்பு "இன்னும்" என்றாள். தாள் கிழியுமளவுக்கு அடித்தாள். அதன் கீழே புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தையல்காரி எழுந்து வந்து, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தாள். "சரி" என்று மட்டும் சொன்னாள். "நாளைக்குக் காலையில நீங்களே இவ கையைப் பிடிச்சு மேல கூட்டிட்டுப் போகணும். எல்லாரும் பார்க்கணும்."

புதன்கிழமை காலை பெரிய டீச்சர் மாடிப்படி அடியிலேயே மறித்துக்கொண்டார். தாளை வாங்கிப் படித்தார். இந்தக் குழந்தைக்கு வாசிக்கத் தெரியும், என் வகுப்பில் மற்ற இருபத்திரண்டு பேருக்கும் தெரியாது, தவறு என் அட்டைகளுடையது, சோதனையில் கவிழ்த்தது நான் என்று அதில் இருந்தது.

"இதை ஃபைல்ல வைக்க முடியாது. வேற மாதிரி எழுதிக் குடுங்க."

"ஒரு தடவை நீங்க கேட்ட மாதிரி எழுதினேன் மேடம். போதும்."

"கலர் மை வந்தாச்சு. வெள்ளிக்கிழமைக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"கறுப்புத் தாள்தான். ஒருத்தி படிப்பா, இருபத்திரண்டு பேர் முழிப்பாங்க. ஏன்னு அவங்க அப்பா அம்மாகிட்ட நானே சொல்றேன்."

"உங்க வேலைக்கு நான் உத்தரவாதம் தர முடியாது."

"தெரியும்."

பெரிய டீச்சர் இன்னும் என்னவோ சொன்னார். அவள் ஒரு கையில் எறும்பையும் மறு கையில் அவள் நாற்காலியையும் பிடித்துக்கொண்டு படியேறத் தொடங்கினாள். நாற்காலிக் கால் ஒவ்வொரு படியிலும் இடித்துச் சத்தம் போட்டது. சத்தம் கேட்டு வகுப்புக் கதவுகளில் தலைகள் முளைத்தன. முளைக்கட்டும்.

மேல் வராந்தாவில் எறும்பு நின்றுவிட்டாள். சுவரில் டீச்சரின் போட்டோ, சட்டம் போட்டு, சுற்றிலும் கலர் அட்டைகளோடு. அடியில் இரண்டு சொல்.

"சி... ற..." விரல் எட்டவில்லை. காற்றிலேயே ஊர்ந்தது.

டீச்சர் நாற்காலியைக் கீழே வைத்தாள். காது மடல்வரை சூடேறியது. அந்தச் சட்டத்தைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது. ஆனால் வாசிப்பு பாதியில் நின்றது. அவள் எறும்பைத் தூக்கிப் பிடித்தாள்.

"ந்... த. சிறந்த. வ... கு..."

மணி அடித்தது. வகுப்புக்குள் மைக்கின் குரல் கேட்டது. கைக்கடிகாரம் கட்டிய கை எறும்பின் இடுப்பைச் சுற்றியிருந்தது. டீச்சர் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.