சந்தனம் பூசாத கை

அனுசுயா சேலை கட்ட மற்ற பெண்களைவிட இரண்டு பங்கு நேரம் ஆகும். சிங்காரத்துக்காக இல்லை. அவள் துப்பாக்கியையும் சேர்த்துக் கட்ட வேண்டும். பாவாடை நாடா அந்தக் கனத்தைத் தாங்காது என்பதால், பாவாடைக்கு மேல் காக்கி பெல்ட்டை இறுக்கிப் போடுவாள். அதன் இடது பக்கம் தோல் உறையை மாட்டி, பிடி முன்னால் பார்க்கும்படி வைத்து, முந்தானையை மேலே இழுத்துவிடுவாள். நம்மூர் முந்தானை இடது பக்கத்தைத்தான் மூடும். வலது இடுப்பு ஊருக்கே தெரியும். ஆகவே துப்பாக்கி இடது பக்கம், எடுக்கிற கை வலது. உறையூரில் தன் வீட்டு பீரோக் கண்ணாடி முன்னால் நின்று தானாகவே பழகிக்கொண்டது இது. காவல் பயிற்சி கொடுத்த போலீஸ்காரர்கள் எல்லாரும் சஃபாரி சட்டைக்காரர்கள், முந்தானையைப் பற்றி அவர்களிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

அவர்கள் சொன்னதில் ஒன்றை மட்டும் அவள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தாள். வலது கை எப்போதும் சும்மா இருக்க வேண்டும். பை, குடை, குழந்தை, பூமாலை, எதுவும் அந்தக் கைக்கு ஆகாது.

அந்தச் சும்மா இருக்கிற கைதான் நல்லுசாமியின் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது.

நல்லுசாமிக்குப் பதவி என்று ஒன்றும் கிடையாது. ஒன்றியத் தலைவி விஜயராணியின் கணவர், அவ்வளவுதான். ஆனால் ஒன்றிய அலுவலகத்தில் யாராவது "தலைவரே" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது அவராகத்தான் இருக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே! விஜயராணி கையெழுத்துப் போட, நல்லுசாமி நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆட்சி நடத்தினார். விஜயராணி முதன்முதலாக "முடியாது" என்று சொன்னது ஏரிக்கரைப் பொதுநிலம் விஷயத்தில்தான். செங்கல் சூளைக்கு அதை விடச்சொல்லி வந்த தீர்மானத்தை அவர் ஒதுக்கிவைத்தார். அதிலிருந்து போனில் மிரட்டல் ஆரம்பித்தது. ஒரு நாள் துவாக்குடி தாண்டி வரும்போது எவனோ காரின் கண்ணாடியை உடைத்துவிட்டு ஓடினான்.

பாதுகாப்பு வேண்டும் என்று அலையாய் அலைந்து வாங்கியது நல்லுசாமிதான். மனைவி மேல் உள்ள அக்கறை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். துப்பாக்கி போலீஸ் வீட்டில் நின்றால் ஊரில் ஒரு கெத்து. வந்த முதல் நாளே அனுசுயாவிடம், "சேலைய கொஞ்சம் ஒதுக்கி விட்டுக்கம்மா, நாலு பேரு கண்ணுல படட்டும்" என்றார்.

"படக்கூடாதுன்னுதாங்க சேலையே கட்டியிருக்கேன்" என்றாள் அனுசுயா.

அன்றைக்கு ஆரம்பித்தது. காய்கறிப் பையை நீட்டினார், வாங்கவில்லை. கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. இதற்குள் சூளைக்காரர் நல்லுசாமியைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டுவிட்டார். தீர்மானம் நிறைவேறியே ஆக வேண்டும் என்ற அவசரம் இப்போது அவருக்கே வந்துவிட்டது. போன வாரம் விஜயராணி ஏரியைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பியபோது, கார் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அனுசுயா விஜயராணியை டவுன் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு, குத்துது குடையுது என்று கத்துகிற நிலைமை நல்லுசாமிக்கு.

நாளைக்கு ஒன்றியக் கூட்டம். தீர்மானம் மறுபடி வருகிறது. விஜயராணி போகாவிட்டால் துணைத் தலைவர் நாற்காலியில் உட்காருவார், காரியம் முடிந்துவிடும். இன்றைக்குள் நல்லுசாமி தன்னைக் கிளப்பிவிட்டால் நாளைக்கு விஜயராணி வீட்டு வாசலைத் தாண்ட மாட்டார் என்பது அனுசுயாவுக்கு நன்றாகத் தெரியும். விஜயராணியின் மேல்கையில் ஒரு நாள் சிவப்புத் தடம் பார்த்தாள். கேட்டதற்கு, "கதவு இடிச்சிருச்சும்மா" என்றார். எந்த ஊர்க் கதவுக்கு ஐந்து விரல் இருக்கிறது என்று அனுசுயா கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்றைக்கென்று பார்த்து ஜோதிக்கு வளைகாப்பு வந்தது. ஜோதி விஜயராணியின் ஒரே மகள். சம்பந்தி வீடு ஸ்ரீரங்கம் என்பதால், அம்மா மண்டபம் சாலையில் ஒரு மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் புளியோதரை வாசனையும் மல்லிகைப்பூ வாசனையும் சேர்ந்து அடித்தது. மேடையில் ஜோதி, கழுத்து நிறைய மாலையும் முழங்கை வரை வளையலுமாக உட்கார்ந்திருந்தாள். அனுசுயா பச்சை நிறப் பட்டில், விஜயராணிக்கு ஓரடி பின்னால், சொந்தக்காரப் பெண் மாதிரி நின்றுகொண்டாள். கண் மட்டும் வாசலுக்கும் சமையற்கட்டுக் கதவுக்கும் போய்ப் போய் வந்தது.

வந்த பெண்களுக்கெல்லாம் சந்தனம் பூசி வளையல் போட்டுவிடும் பொறுப்பு ஆனந்தவள்ளியுடையது. நல்லுசாமியின் அக்கா. எல்லார் கையையும் முழங்கை வரை சந்தனத்தில் குளிப்பாட்டிவிட்டு, கடைசியில் அனுசுயாவிடம் வந்தாள்.

"வாம்மா, கைய நீட்டு."

அனுசுயா இடது கையை நீட்டினாள்.

ஆனந்தவள்ளியின் முகம் மாறியது. "சந்தனத்துக்குப் பீச்சாங்கையா நீட்டுவ? உங்க வீட்டுல இதெல்லாம் சொல்லித் தரலையா?"

"மன்னிச்சுக்கங்கம்மா. வலது கையில எதுவும் பூசிக்க மாட்டேன். வளையலும் வேணாம்."

ஈரச் சந்தனம் பட்டால் பிடி வழுக்கும், வளையல் முந்தானையில் மாட்டும். இதையெல்லாம் அந்த இடத்தில் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? இடுப்பில் இருப்பது இருக்கிறது என்று சொல்லாமல் இருப்பதுதானே அவள் வேலையே.

"வளைகாப்பு வீட்டுல வளையல வேணாங்கறவ உண்டா? பிள்ளைத்தாச்சிக்கு ஆகுமா இது?" ஆனந்தவள்ளியின் குரல் உயர்ந்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். பெண்கள் ஒருத்தி காதை ஒருத்தி கடித்தார்கள். அனுசுயாவுக்குக் காதோரம் சுட்டது. தானும் ஒரு வீட்டுப் பெண்தானே, வளையலை யார் வெறுப்பார்கள்?

இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி நல்லுசாமி வந்து நின்றார். "நான்தான் சொன்னேன்ல அக்கா, திமிரு புடிச்ச கழுதைன்னு. ஏம்மா, ஒழுங்கா வளையல் போட்டுக்கறியா, இல்ல மண்டபத்தை விட்டு வெளிய போறியா?"

"ரெண்டும் முடியாதுங்க" என்றாள் அனுசுயா.

 அப்போது மேடையில் இருந்து ஜோதி எழுந்தாள். நிறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வளையல்கள் கலகலக்க இறங்கி வந்தாள். கிண்ணத்தில் இருந்த சந்தனத்தை இரண்டு கையாலும் அள்ளினாள்.

"கையிலதானேக்கா கூடாது?" என்று சொல்லி, அனுசுயாவின் இரண்டு கன்னத்திலும் அப்பிவிட்டாள். "அத்தை, எனக்கு ஆகும். நீங்க பாட்டுக்கு அடுத்தவங்களக் கவனிங்க."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். நாதஸ்வரமும் மறுபடி எழும்பியது. அனுசுயாவுக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் துடைக்கக் கையைத் தூக்கவில்லை. நல்லுசாமி மட்டும் சிரிக்கவில்லை. தன் வீட்டு விசேஷத்தில், சம்பந்தி முன்னால், ஒரு போலீஸ்காரி சொன்னது நின்றுவிட்டதே!

"விஜயா, மேல வா. பேசணும்" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

விஜயராணி பின்னால் போனார். அனுசுயா அவர் பின்னால் போனாள். மாடியில் மணமகள் அறை காலியாக இருந்தது.

"குடும்ப விஷயம். நீ கீழ போ" என்றார் நல்லுசாமி.

"பேசுங்க. கதவு திறந்தே இருக்கட்டும். நான் நிலைப்படியில நிக்கறேன்."

அவளை அசைக்க முடியாது என்று தெரிந்ததும் அவர் மனைவி பக்கம் திரும்பினார். "கிளமென்ட் இன்ஸ்பெக்டருக்குப் போன் போடு. பாதுகாப்பு வேணாம்னு சொல்லு. நீ சொன்னாத்தான் எடுப்பாங்களாம், நான் கேட்டுட்டேன்."

"சொன்னா?"

"சொன்னா இவ இப்பவே மூட்டையக் கட்டிக்கிட்டுப் போவா. நாளைக்கு நீ வீட்டுல நிம்மதியாப் படு."

"நாளைக்கு மீட்டிங் இருக்குங்க."

"உனக்குக் காய்ச்சல்னு சொல்லியாச்சு."

விஜயராணி தலையைக் குனிந்து, தன் கையில் காய்ந்துகொண்டிருந்த சந்தனத்தைப் பார்த்தார். அனுசுயா அவர் முகத்தையே பார்த்தாள். இந்த அம்மா இப்போது தலையாட்டிவிட்டால் தன்னால் எதுவும் செய்ய முடியாது. காவல் என்பது வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போய்விடுகிற விஷயம். சொல்லிவிடாதீங்க, சொல்லிவிடாதீங்க என்று மனசுக்குள் கும்பிட்டாள்.

"எனக்குக் காய்ச்சல் இல்லீங்க" என்றார் விஜயராணி. "நான் போன் போட மாட்டேன்."

நல்லுசாமியின் கை ஓங்கியது. விஜயராணி கண்ணை மூடிக்கொண்டார், பழகினவர்கள் மூடுகிற மாதிரி.

அடி விழவில்லை. நல்லுசாமியின் மணிக்கட்டு அந்தரத்தில், நிலைப்படியில் இருந்து பாய்ந்து வந்த அனுசுயாவின் பிடியில் இருந்தது. அவர் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. முறுக்கிப் பார்த்தார், அவருக்குத்தான் வலித்தது.

"என்னடி, துப்பாக்கிய எடுப்பியா? எங்க, எடு பாப்போம்!"

"உங்களுக்கு எதுக்குங்க துப்பாக்கி? கவர்மென்ட் தோட்டா, வீணாக்கக்கூடாது. கை போதும்."

"புருஷன் பொண்டாட்டி விஷயத்துல தலையிட நீ யாருடி?"

"இவங்களுக்கு ஆபத்து வராமப் பாத்துக்கன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. புருஷனா இருந்தா விட்டுருன்னு யாரும் சொல்லலைங்க."

சத்தம் கேட்டு ஜோதியும் ஆனந்தவள்ளியும் படியேறி வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் படி நிறையப் பெண்கள். அத்தனை பேரையும் பார்த்ததும் அனுசுயா கையை விட்டுவிட்டு, விஜயராணிக்கு முன்னால் வந்து நின்றாள். நல்லுசாமி மணிக்கட்டைத் தடவிக்கொண்டே தன் போனை எடுத்தார். சட்டமே தன் பக்கம் என்ற நினைப்பு அவருக்கு. ஸ்பீக்கரைப் போட்டார்.

"இன்ஸ்பெக்டர் சார்! நீங்க அனுப்புன பொம்பள என் கையையே முறிக்கப் பாத்துட்டா. இத்தனை பேரு சாட்சி. உடனே இவளத் தூக்கணும்."

"அனுசுயா பக்கத்துல இருக்காளா? குடுங்க." கிளமென்ட்டின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "என்னம்மா நடந்துச்சு?"

"ஐயா, மேடத்தை அடிக்கக் கை ஓங்குனாங்க. தடுத்தேன். ஆயுதம் எடுக்கலைங்கய்யா. மேடத்துக்கு அடி படலை."

"ஓங்குனது யாரு?"

அனுசுயா வாயைத் திறந்தாள். அதற்குள் விஜயராணி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"ஐயா, நான் விஜயராணி பேசறேன். போன்ல மிரட்டுனவன் யாரு, கார் கண்ணாடிய உடைச்சவன் யாருன்னு நீங்க கேட்டப்பல்லாம் எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். நிஜமாவே தெரியாது. இது யாருன்னு தெரியும்."

"பேரைச் சொல்லுங்கம்மா. நான் எழுதணும்."

"விஜயா!" என்று படியில் இருந்து கத்தினாள் ஆனந்தவள்ளி. "கட்டுன புருஷன் பேர வாயால சொல்லப்போறியா? அதுவும் இன்னிக்கு?"

விஜயராணி நாத்தனாரைப் பார்த்தார். கல்யாணமான நாளில் இருந்து அந்தப் பேர் அவர் வாயில் வந்ததில்லை. கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் கேட்டால்கூட ஜோதிதான் முந்திக்கொண்டு சொல்வாள். ஒன்றிய மேடையில் பேசும்போதும் "எங்க வீட்டுக்காரர்" என்றுதான் வரும். நல்லுசாமிக்கும் அது தெரியும். அவர் முகத்தில் அப்போதும் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது.

"நல்லுசாமி" என்றார் விஜயராணி.

"சரியாக் கேக்கலம்மா, மேளச் சத்தமா இருக்கு. இன்னொரு தடவ சொல்லுங்க."

"நல்லுசாமிங்கய்யா! நல்லுசாமி!" கீழே பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் கேட்டது அந்தக் குரல். "எழுதிக்கிட்டீங்களா? காலையில மீட்டிங்குக்குப் போற வழியில நானே வந்து கையெழுத்துப் போடறேன்."