ஏரி நடுவில் ஒரு டிக்கெட் ஜன்னல்

வெண்டல் ஸ்கார்வென், உறைந்த ஏரியின் மேல் உட்கார்ந்து மீன் பிடிப்பதற்கான தன் மீன் வீட்டைக் கட்டி முடித்தபோது, அதைப் பார்த்தவர்கள் வாயில் முதலில் வந்தது, "பெரியவங்க ரெண்டு, குழந்தை ஒண்ணு" என்பதுதான்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மாவட்டக் கண்காட்சித் திடலில் புதுசாக டிக்கெட் கூண்டுகள் வைத்துவிட்டு, பழைய கூண்டு ஒன்றை வேலியோரம் தள்ளியிருந்தார்கள். வெண்டல் அதைக் கேட்டு வாங்கி வந்து, அடியில் இரண்டு சறுக்குக் கட்டைகள் அடித்தான். தரை போட்டு நடுவில் ஒரு ஓட்டை அறுத்தான். பழைய பால் கேனை வெட்டி அடுப்பாக்கினான். மூன்று பேர் உட்கார பெஞ்சு, புகை போகக் குழாய், கதவுக்குப் புது கீல் எல்லாம் சரியாகச் செய்தான். வெளியே சிவப்பும் மஞ்சளுமாக இருந்த பட்டைகளை மட்டும் அப்படியே விட்டுவிட்டான், பெயின்ட் நன்றாக இருக்கிறதே என்று. முன்பக்கத்து ஜன்னலையும் விட்டுவைத்தான். பேசுவதற்கு நடுவில் வட்ட ஓட்டை, கை நுழைய அடியில் அரைவட்டப் பிளவு. வெளிச்சம் வருமாம்.

வெண்டலுக்கு வயது நாற்பத்தொன்று. ஊரில் இருந்த ஒரே முடிதிருத்துபவன். மின்னசோட்டா மாநிலத்தின் அந்த மூலையில், ஏரி உறைந்த நாள் முதல் உருகும் நாள் வரை, நாற்காலியில் உட்காருகிறவர்கள் எல்லோரும் மீன் கதைதான் சொல்வார்கள். அவன் பிறந்ததிலிருந்து ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. பதினெட்டு வருஷமாகத் தலையாட்டிக்கொண்டே முடி வெட்டியவனுக்கு, அந்த வருஷம் பொறுமை போய்விட்டது.

அவன் மனைவி ஆர்டிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தாள். தினமும் இருநூற்றுப் பத்துப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வருவார்கள், இவள் கரண்டியோடு நிற்பாள். சனிக்கிழமையாவது யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு பெஞ்சில் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் அவள் இந்த மீன் விவகாரத்துக்கு ஒப்புக்கொண்டாள்.

ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை காலையில் கூண்டை வண்டியில் கட்டி ஸ்பூன் ஏரிக்கு இழுத்துப்போனார்கள். பனிக்கட்டி இரண்டடி கனம். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. ஏரியெங்கும் ஐம்பது அறுபது மீன் வீடுகள், எல்லாம் பழுப்பும் சாம்பலுமாக, ஒன்றுக்கொன்று மரியாதையான தூரத்தில் நின்றன. நடுவில் இவர்களுடையது மட்டும் திருவிழாவுக்கு வந்ததுபோல நின்றது.

வெண்டலின் அண்ணன் ஹார்லன் தன் வீட்டிலிருந்து வெளியே வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். நாற்பது வருஷமாக அந்த ஏரியில் மீன் பிடிக்கிறவர்.

"டேய் வெண்டல், ராட்டினம் எங்கடா?"

"வெளிச்சம் வரும்ணே, அதுக்குத்தான் ஜன்னல்."

"மீனுக்கு எதுக்குடா வெளிச்சம்? அது என்ன பேப்பரா படிக்கப்போவுது?"

"பெரியப்பா, உங்களுக்கு டிக்கெட் வேணுமா?" என்றாள் பத்து வயது மகள் ஜோலீன். ஹார்லன் உள்ளே போய்விட்டார்.

வெண்டல் பனிக்கட்டியில் துளை போட்டான். தரை ஓட்டை துளைக்கு நேராக வரும்படி கூண்டை நகர்த்தினார்கள். அடுப்பு பிடித்துக்கொண்டது. காபி கொதித்தது. தூண்டிலில் சின்ன மீனைக் கோத்து இறக்கிவிட்டு மூன்று பேரும் துளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆர்டிஸ் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். அவ்வளவு அமைதி.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஜன்னலுக்கு வெளியே, காதுமடல் வைத்த தொப்பி போட்ட ஒரு மனிதர் வந்து நின்றார். தட்டவில்லை, பேசவில்லை. சும்மா நின்றார்.

நின்றவரைப் பார்த்ததும் ஆர்டிஸுக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சும்மா உட்கார முடியவில்லை. "என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டாள்.

அந்த மனிதர் கொஞ்சம் யோசித்தார். "என்ன இருக்கு?"

"காபி இருக்கு."

"அப்ப ஒண்ணு குடுங்க."

பிளவு வழியாகக் கோப்பையை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, ஓரமாக நகர்ந்தார். அவர் பின்னால் இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் பின்னால் இரண்டு பேர்.

பத்தரைக்குள் பதினேழு பேர் ஆகிவிட்டார்கள். எதற்கு நிற்கிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. புதிதாக வந்த ஒருவர் கேட்க, "முன்னாடி நிக்கிறவருக்குத் தெரியும்" என்று பதில் வந்ததை ஆர்டிஸ் காதாலேயே கேட்டாள். காபி தீர்ந்தது. பிஸ்கட் தீர்ந்தது. மத்தியானத்துக்கு வைத்திருந்த காட்டரிசி சூப்பில் பாதி போனது.

"ஏன் குடுக்கிறே? குடுத்தா நிப்பாங்க!" என்றான் வெண்டல்.

"நிக்கிறாங்களே, குடுக்காம எப்படி?"

கொடுக்க எதுவும் இல்லாதபோது அடுத்து வந்த கிழவர், தயங்கித் தயங்கி, "சரிம்மா, எங்க போட்டா மீன் கடிக்கும், அதையாவது சொல்லுங்க" என்றார்.

ஆர்டிஸுக்கு மீனைப்பற்றி ஒன்றுமே தெரியாது. ஆனால் வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லை. "அதோ, அந்த நாணல் பக்கம்" என்று கையைக் காட்டினாள்.

முக்கால் மணியில் கிழவர் மூன்று மீனோடு திரும்பி வந்து அதை வரிசை முழுக்கக் காட்டினார். அதன்பின் வரிசை இரண்டு மடங்கானது.

"வண்டியை எடு," என்றாள் ஆர்டிஸ். "ஜன்னலைக் காட்டுப் பக்கம் திருப்பிடலாம்."

வெண்டல் வண்டியைக் கட்டி கூண்டை அரைவட்டம் சுற்றினான். வரிசையும் சுற்றியது. ஒருவர் முந்தவில்லை, ஒருவர் பிந்தவில்லை. அதே ஆள் அதே இடத்தில், ஜன்னலுக்கு நேரே வந்து நின்றார். ஒரே நஷ்டம் இவர்களுக்குத்தான். பனிக்கட்டியில் போட்ட துளை இப்போது பெஞ்சுக்கு அடியில் இருந்தது. புதுத் துளை போட வேண்டியதாயிற்று.

ஜோலீன் ஒரு அட்டையில் "மதிய உணவு இடைவேளை" என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டினாள். வெளியே இருந்தவர்கள் அதைப் படித்துத் தலையசைத்தார்கள். இடைவேளை என்றால் இடைவேளைதானே. கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். முப்பத்துநாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க மிச்ச சூப்பைக் குடிப்பது சுலபமான காரியமில்லை. முன்னால் நின்றவர் ஒருமுறை ஆர்டிஸின் கண்ணைப் பார்த்துவிட்டார். உடனே தொப்பியைத் தொட்டு, "மெதுவா, மெதுவா, அவசரமே இல்ல" என்று கண்ணாடி வழியாகச் சைகை செய்தார்.

அந்த நேரத்தில்தான் தூண்டில் கழி வெண்டலின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு துளைக்குள் பாதி போனது.

"அப்பா!" என்று கத்தினாள் ஜோலீன்.

வெண்டல் பாய்ந்து பிடித்தான். இழுத்தான். அந்தப் பக்கமும் இழுத்தது. கால் மணிப் போராட்டத்துக்குப் பின் துளையின் இருட்டில் நீண்ட தட்டையான வாய் ஒன்று தெரிந்தது. வாத்தின் அலகைப் போல இருந்தது, ஆனால் உள்ளே முழுக்கப் பல். அங்கே எல்லோரும் நார்தர்ன் என்று சொல்கிற மீன். பெரிய மீன். அது குறுக்காகத் திரும்பித் துளையில் சிக்கிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

"துளையை வெட்டிப் பெருசாக்கணும். உளி எங்க?" என்றான் வெண்டல்.

"வண்டியில."

ஆர்டிஸ் கதவைத் தள்ளினாள். கதவு அசையவில்லை. வரிசை நீண்டு நீண்டு கூண்டையே ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. கதவுக்கு நேரே ஒரு மனிதர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் நகருங்க!"

"நகரலாம்மா," என்றார் அவர் வருத்தத்தோடு. "ஆனா பின்னாடி இருக்கிறவர் ஒரு அடி பின்னால போகணும். அவர் போனா அவருக்குப் பின்னாடி இருக்கிறவர்..."

"ஹார்லன்!" என்று ஜன்னல் ஓட்டை வழியாகக் கத்தினாள் ஆர்டிஸ். "உங்ககிட்ட உளி இருக்கா?"

"கையிலயே இருக்கு!" என்று எங்கிருந்தோ குரல் வந்தது. ஹார்லன் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க ஏன் அங்க நிக்கிறீங்க? முன்னாடி வாங்க!"

வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கோபம் இல்லை, அந்த ஊரில் யாரும் கோபப்படுவதில்லை. நாங்களும் பத்து மணியிலிருந்து நிற்கிறோம் என்பதுபோல ஒரு இருமல், அவ்வளவுதான். அதுவே ஹார்லனுக்குப் போதும்.

"வேணாம் ஆர்டிஸ், வேணாம்," என்றார். "என் முறை வரும்போது வந்துக்கிறேன்."

இடைவேளை அட்டை எப்படியோ கீழே விழுந்துவிட்டது. ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வந்து ஆளுக்கு ஒரு யோசனை சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

"நூலைக் கொஞ்சம் விட்டுப் பிடிங்க."

"விடவே விடாதீங்க."

"எங்க மாமனாருக்கு இப்படித்தான் ஆச்சு. அது ஐம்பத்தாறாம் வருஷம்..."

"அப்புறம் சொல்லுங்க, அப்புறம்!" என்றான் வெண்டல்.

அடுத்து வந்தவர் பச்சைக் கோட்டு, நெஞ்சில் வில்லை. மீன்வளக் காவலர். அவரும் நாற்பது நிமிஷம் நின்றுதான் வந்திருந்தார்.

"இந்த வீட்டுக்கு உரிமம் எங்கம்மா? கதவுல ஒட்டியிருக்கணுமே."

"வீட்டுக்குமா உரிமம்?" என்றாள் ஆர்டிஸ். "எங்க ரெண்டு பேருக்கும் எடுத்திருக்கோம்."

"வீட்டுக்குத் தனி." குனிந்து ஓட்டை வழியாக உள்ளே பார்த்தார். அவர் முகம் மாறியது. "அடேயப்பா. வாய்க்குள்ள மட்டும் விரலை விட்டுடாதீங்க. செவுளுக்கு வெளிப்பக்கமாப் பிடிச்சு, தலையை நேராக்கணும்."

"நீங்களே வந்து..."

"நான் எப்படி வர? கதவுகிட்ட ஆள் இருக்காங்களே."

ஆர்டிஸ் வெண்டலைப் பார்த்தாள். அவன் நூலைப் பிடித்தபடி, அழுதுவிடுவான் போலிருந்தான். அவள் கோட்டைக் கழற்றினாள். ஸ்வெட்டர் கையைத் தோள் வரை சுருட்டினாள். தரையில் குப்புறப் படுத்து, துளை ஓரமாகக் கையை உள்ளே விட்டாள்.

குளிர் என்று அதைச் சொல்ல முடியாது. எலும்புக்குள் யாரோ ஆணி அறைவதுபோல இருந்தது. விரல்கள் மரத்துப்போவதற்குள் மீனின் தாடை தட்டுப்பட்டது, அப்புறம் வழுவழுப்பான கன்னம். அது உயிரோடு, கனமாக, இவளைப்போலவே என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது. பள்ளிக்கூடச் சமையலறைத் தொட்டியில் அடைத்துக்கொண்ட குழாய்க்குள் கை விட்டுப் பழகியவள் அவள். ஒரு திருகு. "இப்ப இழு!"

வெண்டல் பின்பக்கமாகச் சாய்ந்தான். மீன் வந்தது. வந்த வேகத்தில் காபிக் கெட்டிலைத் தட்டிவிட்டது. ஒரு வாளியைக் கவிழ்த்தது. வெண்டலின் முகத்தில் வாலால் ஒரு அறை விட்டது. ஜோலீன் யோசிக்காமல் அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தும் இரண்டு பக்கமும் மீன் மிச்சம் இருந்தது.

வெளியே யாரும் கைதட்டவில்லை. காவலர் தொப்பியைக் கழற்றினார். அவருக்குப் பின்னால் எல்லோரும் கழற்றினார்கள். அப்புறம் சாவு வீட்டில் கடைசியாக முகம் பார்ப்பதுபோல, ஒருவர் பின் ஒருவராக ஜன்னலுக்கு வந்து, குனிந்து பார்த்து, மெல்லப் பேசிவிட்டு நகர்ந்தார்கள்.

"நல்லா வாழ்ந்திருக்கு."

"முகத்துல ஒரு அமைதி இருக்கு பாருங்க."

"ரொம்பக் கஷ்டப்படலையே?"

"இல்லைங்க," என்றாள் ஆர்டிஸ், போர்வைக்குள் பல் தந்தியடிக்க.

ஹார்லனின் முறை வந்தபோது சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. கையில் உளியோடு நின்றார். மீசையில் பனி உறைந்திருந்தது. நெடுநேரம் மீனைப் பார்த்தார், அப்புறம் தம்பியைப் பார்த்தார்.

"யார்டா பிடிச்சது?"

"மூணு பேரும்ணே."

"ம்." தொண்டையைச் செருமினார். "மோசமில்ல." அவர் வாயிலிருந்து வெண்டல் கேட்ட பெரிய பாராட்டு அதுதான். உடனே அதைக் கெடுத்தார். "முள்ளுதான் ஜாஸ்தி இருக்கும்."

இருந்தது. அன்று ராத்திரி சாப்பாட்டில் ஹார்லன் மூன்று துண்டு தின்றார், ஒவ்வொரு முள்ளையும் தட்டோரம் வைத்துக் காட்டினார்.

திங்கட்கிழமை வீட்டுக்கு உரிமம் எடுத்தார்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் வெண்டல் கூண்டு முழுக்கப் பழுப்பு பெயின்ட் அடித்து, ஜன்னல் மேல் பலகை வைத்து ஆணி அறைந்துவிட்டான். இப்போது அது ஏரியிலிருந்த மற்ற வீடுகளைப்போலவே இருந்தது.

யாரும் வரவில்லை. மூன்று பேரும் அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து துளையைப் பார்த்தார்கள். மீனும் வரவில்லை. ஆர்டிஸ் கேட்ட அமைதி கிடைத்துவிட்டது. பதினொரு மணிக்கு அவள் சூப்புப் பாத்திரத்தைத் திறந்து பார்த்து மூடினாள். பதினொன்றரைக்கு மறுபடி திறந்தாள்.

"என்னம்மா?" என்றாள் ஜோலீன்.

"ஒண்ணுமில்ல. நிறைய இருக்கு."

பன்னிரண்டு மணிக்குச் சுத்தியலை எடுத்து, வெளியே போய், ஜன்னலுக்கு முன்னால் வந்தாள். அங்கே காதுமடல் தொப்பிக்காரர் பலகையைப் பார்த்தபடி நின்றிருந்தார். புருவம் எல்லாம் பனி.

"ஐயோ, எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"ஒன்பதரைலேர்ந்து."

"தட்டியிருக்கலாமே!"

"மூடியிருந்துச்சே. திறக்கட்டும்னு இருந்தேன்."

"உள்ள வந்து உக்காருங்க. சூப் சூடா இருக்கு."

அவர் ஆசையோடு கதவைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "இல்லம்மா, அது முறையில்ல. எனக்குப் பின்னாடியும் ஆள் இருக்காங்க."

ஆர்டிஸ் எட்டிப் பார்த்தாள். ஆறு பேர் இருந்தார்கள். அவள் சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, முதல் ஆணியைப் பிடுங்க ஆரம்பித்தாள்.