ஐந்து மீட்டர் நடை

மனித குல வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய செய்தி இது: செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், எண்பத்திரண்டு வயது டிரில் மாஸ்டர் ஒருவரின் சுருங்கிப்போன இதய வால்வை எந்த வழியாக மாற்றுவது என்று முடிவு செய்ய உயர்மட்டக் குழு கூடியது.

உயர்மட்டம் என்பது மூன்று பேர். நெஞ்சைத் திறக்கும் அறுவை நிபுணர், தொடை வழியாகக் குழாய் விடும் இதய நிபுணர், நடுவில் லேப்டாப்போடு ஒரு நர்ஸ். மாஸ்டரையும் மகளையும் உள்ளே கூப்பிட்டபோது மணி பன்னிரண்டேகால்.

படுத்தால் அப்பாவுக்கு மூச்சு முட்டும். அவரோடு மகளும் மூன்று வாரமாக உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: அப்பா நெஞ்சில் கத்தி படக் கூடாது. பட்டால் திரும்ப எழுந்து உட்கார மாட்டார் என்று உள்மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

“கையால தைக்கற வால்வுதான் காலத்துக்கும் நிக்கும்” என்றார் அறுவை நிபுணர்.

“எண்பத்திரண்டு வயசுல காலத்துக்கும்னா என்ன சார் கணக்கு? நான் வெச்சா மூணாம் நாள் வீட்டுக்குப் போயிடலாம்” என்றார் இதய நிபுணர்.

“ஓரத்துல கசியும். பேஸ்மேக்கர் வேற வெக்க வேண்டி வரும்.”

“வரலாம்னு சொல்லுங்க சார். வரும்னு சொல்லாதீங்க.”

“ஆபத்து அதிகமா இருக்கறவங்கள்ல, ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்” என்றாள் நர்ஸ், தலையைத் தூக்காமல். கட்சி மாறியவளைப் பார்ப்பது போல இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

“இவருக்கு ஆபத்தே அதிகம் இல்லையே!” அறுவை நிபுணர் தாளைத் தட்டினார். “அஞ்சு மீட்டர் நடக்க மூணரை செகண்ட். இளவட்டம் தோத்துப்போகும். நெஞ்சைத் திறந்தாலும் தாங்குவாரு. இவரு என் ஆளு.”

மாஸ்டரின் முதுகு நிமிர்ந்தது.

முந்தின நாள் நடந்த சோதனை அது. நர்ஸ் கையில் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்ததுமே முப்பத்தைந்து வருடம் விசில் ஊதிய உடம்புக்குள் சூடு ஏறிவிட்டது. கையை வீசி அணிவகுப்பு நடை போட்டார். நர்ஸ் போனபிறகு அரை மணி நேரம் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். “யார்கிட்டயும் சொல்லாத” என்றார். மகளும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது திறந்தாள். “டாக்டர், அந்த நடையே பொய். நடந்து முடிச்சு அரை மணி நேரம் தவிச்சாரு.”

“ஏம்மா என் மானத்த வாங்கற?”

“உங்க மானத்துக்காக நெஞ்சைப் பிளக்கப் போறாங்கப்பா. வீட்ல பாத்ரூமுக்குப் போவீங்கல்ல, அப்படி நடந்து காட்டுங்க.”

நர்ஸ் கடிகாரத்தை எடுத்தாள். மாஸ்டர் அதைப் பார்த்தார், பிறகு மகளின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்தார். கையை வீசாமல் நடந்தார். மூன்றாவது மீட்டரில் அறுவை நிபுணரின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடித்தபோது பதினொரு செகண்ட்.

“பிடிச்சு நின்னா ஃபவுல்” என்றார், மூச்சு திரும்பியதும்.

அறுவை நிபுணர் எழுந்து தன் நாற்காலியை அவருக்குப் போட்டார். “தொடை வழியாவே போங்க சார்” என்றார் மற்றவரிடம். இதய நிபுணர் போரில் நாடு பிடித்தவர் போல டையைச் சரிசெய்தார். இருவரும் கை குலுக்கினார்கள். கூட்டு முடிவின் மகத்துவம் பற்றி ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினார்கள். மகள் மூன்று வாரத்தில் முதல் முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

“எப்ப டாக்டர் வெப்பீங்க?”

இருவரும் நர்ஸைப் பார்த்தார்கள். அவள் திரையை உருட்டினாள், இன்னும் உருட்டினாள்.

“ஏழு வாரம் ஆகும்.”

“நெஞ்சைத் திறக்கறதுன்னா?” என்று கேட்டார் மாஸ்டர்.

அதற்கும் ஏழு வாரம்தான்.