உள்ளே ஆள் இருக்குது

தீவனம் கலக்கும் மிக்சரின் இரைச்சல் நின்றது. தையல் மெஷினில் ஆராயியின் கை ஒரு நொடி தடுமாற, சாக்கின் வாய் கோணலாகத் தைபட்டது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள். இரைச்சல் நின்றால் மணியன் உள்ளே இறங்கிவிட்டான் என்று அர்த்தம்.

புதன்சந்தை ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் தீவன மில் அது. மாட்டுத் தீவனமும் கோழித் தீவனமும் ஒரே மிக்சரில்தான் ஓடும். மாட்டுக்குக் கலக்கும் யூரியா கோழிக்கு ஆகாது. அதனால் மாட்டுத் தீவனம் ஓடி முடித்ததும் ஒரு ஆள் மிக்சருக்குள் இறங்கி, சுற்றும் இரும்புப் பட்டைகளில் ஒட்டியிருப்பதையெல்லாம் சுரண்டியாக வேண்டும். அந்த ஆள் அவள் புருஷன் மணியன். பத்து வருஷமாக அவன்தான்.

முன்பெல்லாம் அவளுக்குப் பயம் கிடையாது. பழைய கரண்ட் பேனலில் மூன்று பீங்கான் பீஸ் கட்டைகள் இருந்தன. இறங்குகிறவன் மூன்றையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் இறங்குவான். கட்டை மடியில் இருக்கும்வரை யார் வந்து எதை அமுக்கினாலும் மிக்சர் அசையாது. "என்ர உசுரு என்ர மடியில" என்று மணியன் சிரிப்பான்.

தை மாதம் மில்லுக்கு ஈஆர்பி வந்தது, கணக்கையும் மெஷினையும் ஒன்றாக ஓட்டும் கம்ப்யூட்டர் ஏற்பாடு. எல்லோரும் சிஸ்டம் என்றார்கள். அதனால் நல்லதே நடக்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். சம்பளம் ஒன்றாம் தேதி பாங்கில் ஏறியது. ஓவர்டைம் காசுக்கு மேஸ்திரி முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிற வேலை இல்லை. பண்ணையில் கோழி செத்து விழுந்தால் மூட்டை தைத்தவளிலிருந்து எல்லோரையும் பிடித்துக் கத்தும் கூத்தும் நின்றது. எந்த மூட்டையில் எந்தச் சோளம் என்று மாடி ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் மெர்லின் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். சோளம் களவு போவது நின்றதில் முதலாளி அருணகிரி ஒரு சுற்றுப் பெருத்தே விட்டார்.

ஆனால் பழைய பேனலைப் பிடுங்கிப் பழைய இரும்போடு போட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் புதுப் பேனலை உள்ளே வைத்துப் பூட்டிய இரும்பு அலமாரி வந்தது. அதன் சாவி மில்லிலேயே இல்லை, சாப்ட்வேர்க்காரர்களிடம் இருந்தது. பக்கத்துச் சுவரில் ஒரு டேப், சிலேட்டு அளவுத் தொடுதிரை. மணியன் அதில் 'சுத்தம் செய்தல்' என்பதைத் தொட்டால் மிக்சருக்குப் பூட்டு விழுமாம். முடித்துவிட்டு வந்து மறுபடி தொட்டால் பூட்டு விலகி, அடுத்த கலவை தானாக இறங்குமாம். கண்ணுக்குத் தெரியாத பூட்டு. ஆராயிக்கு அதை நம்ப மனசு வரவில்லை. அன்றிலிருந்து இரைச்சல் நின்றாலே அவள் காது மிக்சர் பக்கம் போய்விடும்.

அன்றைக்குக் காலையிலிருந்து மழை. ஈரத்தில் தீவனத்து மொலாசஸ் பாகு அரக்காகப் பிடித்துக்கொண்டது போலிருந்தது. உள்ளே கொத்தும் சத்தம் நிற்கவே இல்லை. ஆராயி இன்னொரு மூட்டையை இழுத்தபோது கேட்டது. பீப். பீப். மிக்சர் ஓடப்போகிறது என்பதற்கான மணி.

"உள்ள ஆளு! உள்ள ஆளு இருக்குது!"

அரவை மெஷின் சத்தத்தில் அவள் கூச்சல் அவளுக்கே கேட்கவில்லை. மூட்டைகளை மிதித்துத் தாண்டி ஓடினாள். மிக்சர் ஒரு முனகலோடு புரண்டது. தூணில் இருந்த சிவப்புப் பட்டனை இரண்டு கையாலும் அறைந்தாள். மிக்சர், அரவை, பாய்லர், பெல்ட், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

"ஏனுங்க!"

கூரைத் தகரத்தில் மழை மட்டும் கேட்டது. மூடியருகே போய் எட்டிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"ஏனுங்க, எங்கிருக்கறீங்க!"

மிக்சரின் வாயில் ஒரு கை தெரிந்தது. அப்புறம் தலை. வெறும் டிராயரோடு மேலே வந்தான் மணியன். கைலி உள்ளே பட்டையில் சுற்றிக்கொண்டு கிடந்தது. தரையில் உட்கார்ந்தான்.

"ஒரு சுத்து சுத்திருச்சு புள்ள. மேல்கம்பியப் புடிச்சுத் தொங்கிட்டேன்."

முதலாளியே ஓடிவந்தார். அவர் முகத்திலும் ஈயாடவில்லை. தன் பாட்டில் தண்ணீரைக் கொடுத்து, வேறு கைலி வரவழைத்து, இருவரையும் ஆபீசுக்குக் கூட்டிப் போனார். அங்கே மெர்லின் அழுதுகொண்டிருந்தாள். சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற பெண்.

"நான் எதையுமே தொடல சார். சுத்தம் பண்ண பன்னெண்டு நிமிஷம்னு அதுல வெச்சிருக்காங்க. அது தாண்டுனதும் வேலை முடிஞ்சிருச்சுன்னு எடுத்துக்கிட்டு அதுவே ஓட்டிடுச்சு."

அருணகிரி சாப்ட்வேர்க்காரர்களுக்குப் போன் போட்டார். ஒரு இளைஞன் பொறுமையாகப் பேசினான்.

"கூட டைம் வேணும்னா ஆபரேட்டர் டேப்ல எக்ஸ்டெண்ட் குடுக்கணும் சார்."

"அந்த ஆபரேட்டரே மிக்சருக்குள்ள இருக்கறானப்பா!"

போனில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "ஒரு ரிக்வெஸ்ட் போட்டு விடுங்க சார். அடுத்த அப்டேட்ல பாக்கறோம்."

மணியன் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டான். "அது வரைக்கும் செவப்புப் பட்டன அமுக்கிப்போட்டு எறங்கட்டுங்களா, மொதலாளி?"

"அத அமுக்குனா பாய்லரோட மொத்த லைனும் நிக்குது மணியா. மறுக்கா ஓட்ட ஒரு மணி நேரம் ஆகும். பண்ணையில கோழியெல்லாம் பட்டினி கெடக்குது. நீ கொஞ்சம் வெரசலாச் சொரண்டிப் போட்டு வந்துரு, சாமி." அவர் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"சார், லைன் ஓடணும்னா ஏன் நின்னுச்சுன்னு காரணம் குடுக்கணும்" என்றாள் மெர்லின். திரையில் இருந்ததைப் படித்தாள். மின்தடை. பெல்ட் அறுந்தது. மூலப்பொருள் இல்லை. பணியாளர் தவறு.

"உள்ள ஆளு இருந்துச்சுன்னு போடு கண்ணு" என்றாள் ஆராயி.

"அப்படி ஒண்ணு இதுல இல்லக்கா."

"அப்பக் கரண்ட்டுப் போச்சுன்னு போட்டுரு."

"மீட்டரோட ஒத்துப் பாக்கும்க்கா. ஏத்துக்காது. பெல்ட்டு, ஸ்டாக்கும் அப்படித்தான்."

கீழே லாரி ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. அருணகிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எதையாச்சும் போட்டு ஓட்டும்மா."

மெர்லின் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கடைசியில் இருந்ததை அமுக்கி, அது கேட்ட பேரையும் அடித்தாள். படி இறங்குவதற்குள் ஆராயியின் இடுப்பில் போனுக்கு மெசேஜ் வந்து மணி அடித்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. மணியன் வாங்கிப் படித்தான். அனுமதியின்றி லைனை நிறுத்தியது ஆராயி, பணியாளர் தவறு, இந்த மாத ஊக்கத்தொகை ரத்து. அவன் போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தான்.

மறுநாளும் மாட்டுத் தீவனம் ஓடியது. மத்தியானம் மிக்சர் நின்றது.

மணியன் டேப்பைத் தொட்டான். பிறகு சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து, ஊதித் துடைத்து, மடியில் வைத்துக் கட்டினான். பழைய இரும்புக் குவியலில் கிடந்த பீங்கான் பீஸ் கட்டை.

"அது என்னத்துக்குங்க?"

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

ஆராயி தையல் மெஷினை விட்டு எழுந்தாள். தூணருகே போய் நின்று, சிவப்புப் பட்டனுக்கு மேலே உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டாள். அமுக்கவில்லை. அவளுக்குப் பின்னால், தைக்க ஆளில்லாத மூட்டைகள் வாய் திறந்தபடியே பெல்ட்டில் வந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தீவனத்தைக் கொட்டின. அவள் இடத்தில் இல்லை என்று சிஸ்டம் அனுப்ப, இடுப்பில் போன் அடித்தது. நின்று மறுபடி அடித்தது.

மிக்சருக்குள் சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.