வழியை மறிக்காமல்

திரேசம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஆனாலும் 1985ஆம் வருடத்து அந்த நாலு நாள் பயிற்சியை யாராவது ஞாபகப்படுத்திவிட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். மாத்தளைக்கு மேலே, குன்றில், கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்பிள்ளைகள் இல்லத்தில் நடந்த பயிற்சி அது. பிள்ளைகளோடேயே தங்கி அவர்களைப் பார்த்துக்கொண்ட நாலு பெண்களில் இவள்தான் மூத்தவள். மண்டபத்துப் புதுப்பாய் வாசம், பத்து மணிக்கு வரும் இஞ்சித் தேத்தண்ணி, நாலு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி அடித்த அரட்டை! அப்படியொரு காலம் இனி வருமா என்று இன்றைக்கும் ஏங்குவாள்.

பயிற்சி கொடுக்கக் கண்டியிலிருந்து டொறீன் வந்திருந்தாள். வயது இருபத்தாறு, கல்யாணம்கூட ஆகவில்லை. "மொளைச்சு மூணு எல விடல, நமக்குப் புள்ள வளர்க்கச் சொல்லிக் குடுக்க வந்திருச்சு" என்று திரேசம்மா முதல் நாளே முணுமுணுத்தாள். இருபது வருடம் பிள்ளைகளோடு மாரடித்தவளுக்கு அவ்வளவு வீறாப்புக்கூட இல்லாவிட்டால் எப்படி?

அந்தப் பயிற்சிக்குக் காரணமே அருள்மணிதான். எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, பதின்மூன்று வயது. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் குடியிருந்த லயம் எரிந்து, தாயையும் பறிகொடுத்துவிட்டு வந்தவள். திடீரென்று ஏதாவது சத்தம் கேட்டால் மிரண்டு ஓடுவாள்; பிடித்தால் கடிப்பாள். இரண்டு தடவை கேட்டைத் தாண்டியும் போய்விட்டாள். இன்னொரு தடவை தனியாக வெளியே ஓடினால் கொழும்புப் பக்கம் கண்டிப்பான வேறொரு இல்லத்துக்கு அனுப்பிவிடுவதாக இல்லத்துத் தலைவியான மதர் அறுத்து உறுத்துச் சொல்லிவிட்டார். திரேசம்மாவுக்கோ அந்தப் பிள்ளைமேல் உயிர். முகம் தெரியாத இடத்தில் அது என்ன பாடுபடுமோ என்று நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

அருள்மணி மிரளும்போதெல்லாம் அவர்கள் வழக்கமாகச் செய்கிற ஒன்று இருந்தது. அவளைக் காம்பராவுக்குள் கொண்டுபோய்த் தாழ்ப்பாள் போடுவார்கள். திரேசம்மா கையைப் பிடித்துக்கொள்ள, நாலு பேரும் சுற்றி நின்று செபமாலை சொல்வார்கள். பிள்ளை கத்தக் கத்தச் செபமும் உரத்துக்கொண்டே போகும். கடைசியில் பிள்ளை ஓய்ந்துவிடும். மாதா இரங்கிவிட்டாள் என்று திரேசம்மாவுக்குப் பரம திருப்தி.

மூன்றாம் நாள் டொறீன் அதை நடித்துக் காட்டச் சொன்னாள். மிரண்ட பிள்ளையாகத் திரேசம்மா. அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு அவள் மூலையில் குந்தியபோது மற்ற மூவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு வழக்கப்படி தாழ்ப்பாளைப் போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, செபத்தைத் தொடங்கினார்கள். கீழேயிருந்து பார்த்தால் சேலைகள்தான் தெரிந்தன. கதவு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. குரல்கள் உரக்க உரக்க அவளுக்கு மூச்சு முட்டியது. விடச்சொல்லிக் கத்தினாள். அதையும் நடிப்பென்று நினைத்து அவர்கள் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். டொறீன்தான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

திரேசம்மா அழுதேவிட்டாள். பிள்ளை ஒருநாளும் அமைதியானதில்லை, களைத்துத்தான் போயிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. டொறீன் குத்திக்காட்டவில்லை. கூட்டம் சேராமல் ஒருவர் மட்டும் பக்கத்தில் இருங்கள், வழியை மறிக்காதீர்கள், செய்யப்போவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்று மெதுவாக எடுத்துச் சொன்னாள். மூணு எல விடாதவள் சொன்னதைத் திரேசம்மா வேதவாக்காகக் கேட்டுக்கொண்டாள்.

டொறீன் கண்டிக்குத் திரும்பிய மறுநாள், பிள்ளைகள் பள்ளி விட்டு வந்த நேரம், ரோட்டில் ஒரு லொறியின் டயர் வெடித்தது. அருள்மணி விறகுக் கொட்டிலுக்குள் பாய்ந்தாள். திரேசம்மா மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு, கொட்டில் வாசலுக்கு ஒரு பக்கமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"தொட மாட்டேன்மா. கதவும் பூட்ட மாட்டேன். இங்கதான் இருக்கேன்."

அரைமணி நேரம் போனது. பிள்ளை எழுந்து வந்து, அவளைத் தாண்டி, நேரே கேட்டைப் பார்த்து நடந்தாள். காவல்காரர் நோபர்ட் கேட்டைச் சாத்த ஓடினார். சாத்தினால் பிள்ளை பழையபடி மிரளும். விட்டால், இதுதான் மூன்றாம் தடவை.

"தொறந்தே விடுங்கண்ணே, நானும் கூடப் போறேன்" என்றாள்.

பத்தடி பின்னால் நடந்தாள். பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை, ஓடவுமில்லை. சரிவு இறங்கி, பஸ் தரிப்பிடத்து மர வாங்கில் போய் உட்கார்ந்தாள். வாங்கின் மறுகோடியில் திரேசம்மா உட்கார்ந்தாள். யட்டவத்த போகும் பஸ் ஒன்று வந்து நின்றுவிட்டுப் போனது. அதற்குப் பிறகுதான் அருள்மணி வாயைத் திறந்தாள்.

"லயம் எரிஞ்ச அன்னைக்கு எங்கம்மாவும் தாப்பாப் போட்டுட்டுச் செபந்தான் சொன்னாங்க. என்னைய மட்டும் ஜன்னலால தள்ளி விட்டாங்க."

எத்தனை தடவை அதே மாதிரித் தாழ்ப்பாளைத் திரேசம்மாவே போட்டிருக்கிறாள்! தெரியாமல் செய்துவிட்டேன் என்று பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டாள். திரும்பி நடக்கும்போது பிள்ளை அவளுக்குப் பக்கத்திலேயே நடந்தாள்.

கேட்டில் மதர் நின்றிருந்தார். பிள்ளை மறுபடியும் ஓடினாளா என்று கேட்டார்.

"ஓடல மதர். நான்தான் கேட்டத் தொறக்கச் சொன்னேன். ரெண்டு பேரும் பஸ் ஹோல்ட் வரைக்கும் நடந்துட்டு வாறோம். அனுப்பணும்னா என்னையும் சேத்து அனுப்புங்க" என்றாள் திரேசம்மா.

மதர் ஒதுங்கி இருவருக்கும் வழிவிட்டார். பிறகு பிள்ளைக்குப் பசிக்கும், சோற்றைப் போடு என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.