விளைந்த நெல்லுக்குச் சாயம்

விளைந்து பழுத்து நிற்கிற நெல்லைப் பார்த்து ஒருத்தர், "ஐயையோ, காஞ்சுபோச்சே!" என்று பதறினால் அவரை என்ன செய்வது? வயலுக்குச் சொந்தக்காரி அம்சத்துக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பதறியவர் வெளிநாட்டுக்காரர் இல்லை. கேஷவ். திருப்பனந்தாளுக்குத் தெற்கே மண்ணியாற்றங்கரையில் புதிதாக எழும்பியிருக்கும் ரிசார்ட்டுக்குப் புல்தரை, தாமரைக்குளம், பூச்செடி என்று சுற்றுப்புறத்தை எல்லாம் அமைத்துக் கொடுக்கிற டிசைனர். "எங்க தாத்தாவுக்கு இந்த ஊர்லதான் நிலம். நானும் இந்த மண்ணுதாங்க" என்று வந்த முதல் நாளே சொல்லிக்கொண்டவர்.

ரிசார்ட்டின் சாப்பாட்டுக் கூடத்துக்கு நேர் எதிரே இருப்பது அம்சத்தின் மூன்று மா வயல், ஏறக்குறைய ஒரு ஏக்கர். நடுவே அவள் போட்டிருந்த முள்வேலியைப் போன ஆவணியில் எடுக்கச் சொன்னவரும் கேஷவ்தான். "சாப்பிட உக்காந்தா வயல் தெரியணும்க்கா. அதான் எங்க டிசைனே. நீங்க எப்பவும் போல நெல்லு போடுங்க, அது போதும்." வயலைப் பார்க்கத்தானே ஆசைப்படுகிறார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அம்சம் தன் கையாலேயே அரிவாளை எடுத்து வேலியை வெட்டிக் கொடுத்தாள். புத்தி கெட்ட வேலை! அன்றைக்கு அது அவளுக்குத் தெரியவில்லை.

வயலில் நின்றது தூயமல்லி என்கிற பாரம்பரிய நெல். விற்பதற்குப் போட்டதில்லை. வீட்டுக்கு வருஷச் சாப்பாடும் அதுதான், அடுத்த சம்பாவுக்கு விதைநெல்லும் அதுதான். அறுப்பு நெருங்குகிறதென்று தண்ணீரை வடித்து வயலைக் காயப்போட்டிருந்தாள். பொங்கலுக்கு இன்னும் ஆறு நாள்.

"தண்ணி விடாம போட்டுட்டீங்களேக்கா" என்றார் கேஷவ்.

"நெல்லு பழுத்திருக்கு தம்பி. பழுத்தா மஞ்சளாத்தான் இருக்கும். அறுக்கப் போறோம்."

"அறுக்கறதா? பொங்கலன்னிக்கு எங்க திறப்பு விழாக்கா! விளம்பரத்துல எல்லாம் பச்சை வயல்தான் போட்டிருக்கோம். பச்சையாவே வைக்க ஏதாவது மருந்து இருக்கா?"

கேட்டீர்களா கூத்தை! அறுவடைத் திருநாளைக் கொண்டாட ஊரெல்லாம் ஆள் கூட்டுவார்களாம், வயல் மட்டும் விளையக்கூடாதாம். விவரம் தெரியாத பிள்ளை என்று அம்சம் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து, ரேஷன் கடைக்குப் போய்விட்டுப் பத்து மணி வாக்கில் வயல் பக்கம் வந்தாள். முதுகில் ஸ்பிரேயரோடு மூன்று பேர் வயலுக்குள் நின்றார்கள். ரிசார்ட் பக்கம் அரை மா அளவுக்குத் தாள், இலை, கதிர், மணி எல்லாம் ஒரே பச்சை. நாற்றின் பச்சையா என்றால் அதுவும் இல்லை. கல்யாண மண்டப வாசலில் வைக்கிற பிளாஸ்டிக் செடியின் பச்சை. விளைந்த வயலில் அவள் செருப்போடுகூடக் கால் வைக்கமாட்டாள். இவர்கள் பூட்ஸ் காலால் கதிரை மிதித்துக்கொண்டு நின்றார்கள்.

"அடப் பாவிங்களா! ஏறுங்கடா மேல!"

அவள் போட்ட சத்தத்தில் ரிசார்ட்டிலிருந்து கேஷவ் ஓடி வந்தார். "பயப்படாதீங்கக்கா. புல்லுக்கு அடிக்கிற கலர்தான். இயற்கைச் சாயம். ஆடு மாடு தின்னாக்கூட ஒண்ணும் ஆகாது."

"புல்லா இது? சோறு! யாரக் கேட்டு இறங்குன என் வயல்ல?"

"உங்க நஷ்டத்துக்கு நாங்க பொறுப்புக்கா."

பொறுப்பாம்! அரிசியைக் கடையில் வாங்கிவிடலாம். வயலில் நின்று வேற்று ரகக் கலப்பைப் பொறுக்கிப் பொறுக்கி அவள் சுத்தம் செய்து வைத்திருக்கும் விதையை எந்தக் கடையில் வாங்குவது? கையில் ஒரு கதிரை உருவிப் பார்த்தாள். விரலெல்லாம் பச்சை. கதிரை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் அவள் கணவர் வீரையன், "விடும்மா, அதான் ஈடு தர்றேங்கிறாங்களே. பெரிய எடத்துப் பகை நமக்கெதுக்கு?" என்றார்.

"அரை மா போச்சு. மிச்சத்துக்கும் நாளைக்கு இறங்குவான். அப்பவும் நீங்க விடும்மான்னுதான் சொல்லுவீங்க" என்றாள் அம்சம்.

பொங்கல் சமயத்தில் அறுப்பு மெஷின் கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? மெஷின் வைத்திருக்கும் நௌஷாத் மயிலாடுதுறைப் பக்கம் இருந்தான். "தை பொறந்துதான் வரமுடியும்க்கா" என்றான் போனில். நடந்ததைச் சொன்னாள். "சாயமா? நெல்லுக்கா?" என்று இரண்டு தடவை கேட்டான். "நாளைக்கு மத்தியானம் அங்க இருப்பேன்" என்றான்.

சொன்னபடி வந்துவிட்டான். வண்டி வயலில் இறங்கும் நேரத்தில் கேஷவ் குறுக்கே வந்து கையை விரித்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"மூணே நாள்க்கா. மொட்டை வயலக் காட்டி விருந்தாளிங்கள எப்படி உக்கார வைக்கிறது? என் வேலையே போயிடும்."

"உங்க வேலை நிக்கணும்னா என் சோறு போகணுமா? நவுருங்க."

நகர்ந்தார். ஒரு மணி நேரத்தில் இரண்டரை மா வெறும் தாளாகிவிட்டது. நெல்லைச் சாக்கில் பிடிக்கும்போதுதான் அம்சத்துக்கு மூச்சு வந்தது. "அந்தப் பச்சையையும் அறுத்துடவாக்கா?" என்று நௌஷாத் கேட்டான்.

"வேணாம்பா. நல்ல நெல்லோட கலந்துடும்."

பொங்கலன்று காலை. முந்தின நாள் ஆலையில் அரைத்து வந்த புது அரிசியை அவள் களைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. கேஷவ். குரல் குழைந்தது.

"தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சிடுங்கக்கா. ரெண்டு படி புது அரிசி வேணும். எதிர் வயல்ல விளைஞ்சதுன்னு சொல்லி விருந்தாளிங்க முன்னாடி பானை வைக்கணும். முதலாளியே வந்து நிக்கிறாரு."

"எதிர் வயல்லதான் அரை மா நிக்குதே தம்பி. அறுத்துக்கச் சொல்லுங்க."

"ஐயோ அக்கா, அது சாயம் அடிச்சது! அத எப்படி மனுஷங்களுக்குப் போடுறது?"

களைந்த அரிசியிலிருந்து கையை எடுத்தாள் அம்சம்.

"அப்ப நாங்க யாரு?" என்றாள்.

போனை வைத்தாள். பால் பொங்கியிருந்தது, அரிசியை அள்ளிப் பானையில் போட்டாள்.